காவி பூசிய கடா: ஹெர்ட்விக் ஆடுகள் பற்றி ஒரு கேள்வியும் பல பதில்களும்

கரிசல்காட்டான், 19 செப்டம்பர்

இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியில் ஹெர்ட்விக் என்று ஒரு செம்மறி இனம் இருக்கிறதாம். முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்தான் அதை அழிவிலிருந்து காப்பாற்றினாராம். ஆண்டுதோறும் அந்த ஆட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசி அழகுப் போட்டி வேறு நடத்துகிறார்களாம். ஆட்டுக்கு எதற்கு அழகு? எடை பார்த்தால் போதாதா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

19 செப்டம்பர், இரவு 10.40

நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். கம்பிரியாவின் மேற்குக் கரையில் பதினோரு வருட வாசம். தாத்தா ராமநாதபுரத்தில் கிடை போட்டவர் என்பதால் ஆடு என்றால் நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதற்கு மேல் தகுதி எதுவும் இல்லை.

சாயம் பூசுவது உண்மை. அழகுப் போட்டி என்பது பாதி உண்மை. பாட்டர் காப்பாற்றினார் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கான கதை. விவரமாகப் பிறகு எழுதுகிறேன். 28ஆம் தேதி எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் கண்காட்சி இருக்கிறது. ஹெர்ட்விக் ஆடுகளுக்கு அதுதான் பெரிய நாள்.

20 செப்டம்பர்

ஆட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கும், காது நுனியில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. ஒரு வயதில் உடம்பு கரும்பழுப்பாகி முகம் வெளுக்கத் தொடங்கும். முதல் கத்தரிப்புக்குப் பிறகு சாம்பல் நிறம். வயது ஏற ஏற இன்னும் வெளுக்கும், நம்மைப் போலவே. கடாவுக்குப் பெரும்பாலும் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. கால் தடிமன். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருப்பதுபோலத் தோன்றும். ஏமாந்து பக்கத்தில் போகாதீர்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள். 1588இல் உடைந்த ஸ்பானியக் கடற்படைக் கப்பலிலிருந்து நாற்பது ஆடுகள் நீந்திக் கரையேறின என்பது ஒன்று. நார்வே பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு கொண்டுவந்தார்கள் என்பது இன்னொன்று. கப்பல் கதை பொய். ‘ஹெர்ட்விக்’ என்ற சொல் 12ஆம் நூற்றாண்டு மடாலயப் பத்திரங்களிலேயே இருக்கிறது. கப்பல் உடைவதற்கு நானூறு வருடம் முன்பே பெயர் இருக்கிறது என்றால் கதை முடிந்தது.

22 செப்டம்பர்

கதை முடியவில்லை. நேற்று ஒருவர் கேட்டார்: “அந்தப் பத்திரங்களில் ஹெர்ட்விக் என்பது ஆட்டின் பெயரா, இடத்தின் பெயரா?” நல்ல இடத்தில் பிடித்தார். இடத்தின் பெயர்தான். ஆட்டு மேய்ச்சல் நிலம் என்று பொருள். ஆட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பல நூற்றாண்டுகள் கழித்து. ஆகவே என் வாதம் செல்லாது. மேய்ச்சல் நிலம் பழையது என்பதால் அதில் மேய்ந்த ஆடும் இதே ஆடு என்று ஆகிவிடாது.

இருந்தும் கப்பல் கதையை நான் நம்பவில்லை. காரணம் வேறு. புயலில் உடைந்த கப்பலில் இருந்து நாற்பது ஆடு உயிரோடு கரை சேர்ந்தால், பசித்த கரையோர ஊரில் மறுநாள் காலை எத்தனை ஆடு மிஞ்சும்? மரபணுவை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. பக்கத்து மலை இனங்கள் இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஹெர்ட்விக் தனித்து நிற்கிற இனம் என்றார்கள். தனித்து நிற்கிறது என்பது சரி, நீந்தி வந்ததா நடந்து வந்ததா என்பது வேறு கேள்வி.

28 செப்டம்பர், இரவு

போய் வந்தேன். சட்டை போயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மழை விட்டுவிட்டுத் தூறியது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு வயல், அதில் மரத் தட்டிகளால் அடைத்த சின்னச் சின்னப் பட்டிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து ஆடுகள். முதுகு முழுவதும் காவி. நம் ஊர்க் கோயில் மதில் நினைவுக்கு வந்தது. காவி முதுகும் கழுவி விட்ட வெள்ளை முகமும் வெள்ளைக் காலுமாக ஆடுகள் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் மட்டும் சேற்றில் முழங்கால் வரை.

நடுவர் என்றால் மேடையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் என்று நினைத்துப் போனேன். இங்கே நடுவரும் இன்னொரு பள்ளத்தாக்கில் ஆடு வளர்ப்பவர்தான். எழுபது வயதிருக்கும். கடாவின் தாடையை இடது கையால் பிடித்தார், வலது கட்டைவிரலால் உதட்டை விலக்கிப் பல் பார்த்தார். பிறகு முதுகு உரோமத்தில் இரண்டு கையையும் நுழைத்துப் பிளந்து, தோல் தெரியும் வரை விலக்கி, சில நொடிகள் பார்த்துக்கொண்டே நின்றார். தொப்பி விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்தப் பிளவுக்குள் விழுந்தது. கையை எடுத்ததும் உரோமம் தானாக மூடிக்கொண்டது. அதற்கப்புறம் கால், குளம்பு, விதைப்பை. பிறகு ஐந்தடி பின்னால் போய் நின்று நடக்கவிட்டுப் பார்த்தார். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. வரிசையில் இரண்டாவதாக நின்ற கடாவின் தோளில் தட்டினார், அவ்வளவுதான். சொந்தக்காரரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் தலையை மட்டும் அசைத்தார்கள்.

பல் பார்த்து வயது சொல்வது எனக்குப் புதிதில்லை. இரண்டு பல், நாலு பல் என்று தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். இங்கேயும் அதே கணக்கு. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் ஒரு பெட்டையைக் காட்டி “நாலு பல்லா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னோடு பேசத் தொடங்கினார்.

சட்டை: தட்டியில் சாய்ந்தேன், கடா என் மேல் சாய்ந்தது. மூன்று முறை துவைத்தாயிற்று. காவி அப்படியே இருக்கிறது.

29 செப்டம்பர்

காவி ஏன் என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் ஆட்டுக்கு மூன்று விதமாக நிறம் ஏறுகிறது, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது உடைமைக் குறி. இடுப்பில் ஒரு கோடு, தோளில் ஒரு பொட்டு என்று பண்ணைக்குப் பண்ணை வேறுபடும், வருடம் முழுவதும் இருக்கும். இரண்டாவது, சேர்க்கைக் காலத்தில் கடாவின் நெஞ்சில் தடவுவது. எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அதன் பின்புறத்தில் நிறம் ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் இடையர் எண்ணிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் கண்காட்சிக் காவி. அதற்குப் பயன் ஒன்றும் கிடையாது. விசேஷத்துக்குப் புதுத்துணி உடுத்துவதுபோல.

காவிக்கான கல் உள்ளூர்க் கல். இந்த மேற்குக் கரையில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் இருந்தன. எக்ரிமான்ட் ஊரின் சுரங்கத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடத் தாது எடுத்தார்கள். அந்தச் செம்மண் கல்லைப் பொடித்துக் கொழுப்பில் குழைத்துப் பூசினார்கள். இப்போது பொடியாகவே கடையில் வாங்குகிறார்கள். ஏன் பூசத் தொடங்கினார்கள் என்று பெரியவரைக் கேட்டேன். “என் அப்பா பூசினார்” என்றார்.

1 அக்டோபர்

எண்ணுவது பற்றி. யான், டியான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஐந்து வந்துவிட்டது. பதினைந்துக்கு பம்ஃபிட், இருபதுக்கு கிகட். இருபது ஆனதும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு மறுபடியும் யான். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு உச்சரிப்பு மாறும். இதெல்லாம் பழைய கெல்டிக் எண்கள் என்பார்கள். இன்று யாரும் இப்படி எண்ணுவதில்லை. கடைகளில் விற்கிற கோப்பைகளில்தான் அச்சடித்திருக்கிறார்கள். நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் நம் ஊர் வழக்கத்தைப் பெரியவரிடம் சொன்னேன். ஆட்டை அப்படி எண்ணினால் ஒரு ஆடு எப்போதும் கூடுதலாக வருமா என்று கேட்டார்.

5 அக்டோபர்

பாட்டர் அம்மையாருக்கு வருகிறேன். அவரைக் குறைத்துப் பேசுவதாக ஒருவர் கோபப்பட்டிருக்கிறார்.

லண்டன்காரர். 1882இல் பதினாறு வயதில் குடும்பத்தோடு விடுமுறைக்கு ரே கோட்டைக்கு வந்தார். அங்கே ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார் பழக்கம் ஆனார். (ஆட்டின் பெயரும் ஆளின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல், நான் சேர்த்துச் சொல்லவில்லை.) பிற்காலத்தில், நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையை 1895இல் தொடங்கிய மூவரில் ஒருவர் அவர். ஹெர்ட்விக் வளர்ப்போருக்கு 1899இல் ஒரு சங்கம் அமைத்ததும் அவரும் அவர் மகனும்தான். இன்றிருக்கும் வளர்ப்போர் சங்கம் 1916இல் வந்தது. ஆக, பாட்டர் ஆடு வளர்க்க வருவதற்கு முன்பே ஆடும் இருந்தது, சங்கமும் இருந்தது, கண்காட்சியும் இருந்தது.

1905இல் புத்தகப் பணத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கி ஹெர்ட்விக் மந்தையோடு மலைக்காரியாகிவிட்டார். 1913இல் உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். அதன் பிறகு ஆட்டுக்காரர்களுக்கு அவர் திருமதி ஹீலிஸ்தான். கண்காட்சிகளில் பரிசும் வாங்கினார், நடுவராகவும் நின்றார். 1943இல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் பெண். பொறுப்பேற்கும் முன் அந்த டிசம்பர் 22இல் இறந்துபோனார். சாம்பலை மலையில் தூவியவர் அவருடைய இடையர் டாம் ஸ்டோரி. இடம் எது என்பதை அவர் ஊருக்குச் சொல்லவில்லை.

4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தை தொடர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ஆட்டைக் காப்பாற்றினார் என்பதைவிட, ஆடு நிற்கிற மண் விற்றுப்போகாமல் காப்பாற்றினார் என்றால் எனக்குச் சம்மதம்.

6 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஓர் அவசரம். 1905இல் பண்ணை வாங்கியதுமே ‘மலைக்காரியாகிவிட்டார்’ என்றது தவறான படம். ஹில் டாப் சின்னப் பண்ணை. பெரிய மலை மேய்ச்சல் உள்ள ட்ரௌட்பெக் பார்க் பண்ணை 1923இல்தான் அவர் கைக்கு வந்தது. தேர்ந்த இடையர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு பெரிய அளவில் இறங்கியது அதன் பிறகு. இடைப்பட்ட பதினெட்டு வருடத்தை நான் ஒரு வரியில் தாண்டிவிட்டேன்.

12 அக்டோபர், வாஸ்டேல் ஹெட்டிலிருந்து திரும்பி

இன்று ஒரு விஷயம் தலைகீழாகப் புரிந்தது. கண்காட்சி முதலில் வந்தது, ஆட்டுக்காரர்கள் அங்கே கூடினார்கள் என்று நினைத்திருந்தேன். கூட்டம்தான் முதலில். வாஸ்டேல் நிகழ்ச்சியின் பெயரிலேயே ‘இடையர் கூட்டம்’ என்று இருக்கிறது.

மலையில் வேலி கிடையாது. ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு பகுதி. அதை ஹீஃப் என்கிறார்கள். ஆடு அங்கேயே நிற்கும். யாரும் கட்டிவைப்பதில்லை. தாய் குட்டியோடு அந்த இடத்தில் ஒரு கோடை மேய்கிறது, குட்டிக்கு அதுவே ஊர். எங்கள் தாத்தாவின் ஆடு நடக்கிற ஆடு. வயலுக்கு வயல் கிடை மாறும், கீதாரி பின்னால் போவார். இது நிற்கிற ஆடு. பாதி வாழ்நாள் தாத்தாவோடு ஒப்பிட்டே இந்த மலையைப் பார்த்திருக்கிறேன், ஒப்பிடவே கூடாத இடம் இதுதான்.

இருந்தாலும் சில ஆடு எல்லை தாண்டும். இலையுதிர் காலத்தில் அண்டைப் பள்ளத்தாக்குக்காரர்கள் கூடி, வழிதவறி வந்த ஆடுகளை அவரவரிடம் ஒப்படைப்பார்கள். யாருடையது என்பதைக் காது சொல்லும். நுனி வெட்டு, பிளவு, ஓரத்தில் ஒரு கொத்து என்று பண்ணைக்கு ஒரு காதுக்குறி. 1817இல் ஜோசப் வாக்கர் என்பவர் இந்தக் குறிகளையெல்லாம் ஆட்டுப் படங்களாகவே அச்சடித்து ஒரு கையேடு போட்டார். பிறகு வெவ்வேறு பகுதிகளுக்குப் பல பதிப்புகள். குறி மனிதருக்கு உரியதல்ல, பண்ணைக்கு உரியது. பல பண்ணைகளில் மந்தையும் அப்படித்தான். குத்தகைக்காரர் வரும்போது எத்தனை தலை எண்ணி வாங்கினாரோ அத்தனை தலை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆடுகளோடு ஒரு நாள் கூடினால் என்ன நடக்கும்? உன் கடா பெரிதா என் கடா பெரிதா என்று பேச்சு வரும். சாப்பாடு, மல்யுத்தம், பாட்டு, பந்தயம். பரிசு அதிலிருந்து முளைத்தது. கரிசல்காட்டான், உங்கள் ‘அழகுப் போட்டி’க்குப் பதில் இதுதான். அடுத்த வருடம் யாருடைய கடாவைக் கேட்டு வாங்கலாம் என்று எல்லோரும் ஒரே நாளில் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிற இடம் அது.

எஸ்க்டேலில் பேசிய பெரியவர் இங்கேயும் வந்திருந்தார். “உன் தாத்தாவின் காதுக்குறி என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காதில் ஏதோ வெட்டு இருக்கும், அவ்வளவுதான் நினைவு. எட்டு வயதில் அந்தக் காதைப் பிடித்துத்தான் குட்டிகளைத் தூக்கியிருக்கிறேன்.

13 அக்டோபர்

இந்த வாஸ்டேலில் 19ஆம் நூற்றாண்டில் வில் ரிட்சன் என்றொரு விடுதிக்காரர் இருந்தார். எங்கள் பள்ளத்தாக்கு டர்னிப் கிழங்கு எவ்வளவு பெரியது என்றால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஊரார் வெட்டி எடுத்ததுபோக மிஞ்சிய குழிக்குள் ஹெர்ட்விக் ஆடுகளை அடைப்போம் என்பாராம். அவர் நினைவாகப் பக்கத்து சான்டன் பிரிட்ஜில் வருடாவருடம் பொய் சொல்லும் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் கலந்துகொள்ளக் கூடாது, தொழில்முறைக்காரர்கள் என்பதால். நான் இங்கே எழுதும் எதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

20 நவம்பர்

கடாக்களை மந்தையில் விட்டாயிற்று. ஏறக்குறைய ஐந்து மாதச் சினை. இப்போது விட்டால்தான் ஏப்ரலின் பிற்பாதியில், மலையில் புல் தலைகாட்டும்போது குட்டி விழும்.

கண்காட்சியை ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று ஒரு மாதமாக உறுத்தல். நடுவர் பார்ப்பது வெள்ளைக் கால், வெள்ளை முகம், தடித்த எலும்பு, தலையமைப்பு. மலை பார்ப்பது வேறு. ஜனவரியில் பனிக்குவியலுக்குள் புதைந்த ஆடு தன் உரோமத்தையே மென்று நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பார்கள். அதற்கு முகம் வெளுத்திருந்தால் என்ன, கறுத்திருந்தால் என்ன? பெரியவரிடம் கேட்டேன். பரிசு வாங்கும் கடாவும் குளிரில் அதே மலையில்தான் நிற்க வேண்டும், மலை கழித்துவிட்டதைத்தான் நாங்கள் கண்காட்சிக்குக் கொண்டுவருவதில்லை என்றார். பாதி ஒத்துக்கொண்டேன். விலை உயர்ந்த கடாவுக்கு வீட்டுப் பக்கத்து வயலும் தீவனமும் கிடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

9 ஜனவரி

2001 பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அப்போது இங்கே இல்லை. கேட்டதையும் படித்ததையும்தான் எழுத முடியும்.

கோமாரி. பிரிட்டன் முழுவதும் நோய் உறுதியான 2,026 இடங்களில் 893 கம்பிரியாவில். நோய் கண்ட பண்ணையோடு நிற்காமல் அக்கம்பக்கத்து ஆடு மாடுகளையும் கொன்றார்கள். ஹெர்ட்விக் ஆடுகளில் பெரும்பாலானவை கானிஸ்டன் ஊரைச் சுற்றிச் சுமார் பதினாலு மைல்களுக்குள்ளேயே இருப்பவை. ஒரே இடத்தில் இருக்கிற இனத்துக்கு ஒரு நோய் போதும். பல ஆடுகள் குளிர்காலத்துக்காகக் கீழே தாழ்நிலப் பண்ணைகளில் விடப்பட்டிருந்தன. அவை அங்கேயே சிக்கிக்கொண்டன.

எங்கிருந்தாவது வாங்கி நிரப்பிக்கொள்ளலாமே என்று எழுதியிருக்கிறார் ஒருவர். நிரப்பலாம். அந்த ஆட்டுக்கு ஹீஃப் தெரியாது. வேலியில்லாத மலையில் புது ஆட்டை விட்டால் மாலைக்குள் அடுத்த மாவட்டத்தில் இருக்கும். இரண்டு மூன்று தலைமுறை ஆடுகளுக்குப் பின்னால் மனிதர்கள் நடந்து நடந்து பழக்க வேண்டும். அந்த வருடம்தான் விந்தணுக்களையும் கருக்களையும் உறைநிலையில் சேமிக்கத் தொடங்கினார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் எந்தப் பாறைக்கு அப்பால் போகக் கூடாது என்பதை உறையவைக்க முடியாது.

10 ஜனவரி

நிறங்கள் மூன்று என்றேனே, நான்காவது ஒன்று உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது மே மாதத் தொடக்க மழையில் இந்த மலைகளில் கதிரியக்கச் சீசியம் இறங்கியது. கரிமண்ணில் அது ஆழத்துக்குப் போகாமல் புல்லில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு கிலோ இறைச்சிக்கு 1,000 பெக்கெரல் என்று வரம்பு வைத்து, தாண்டிய ஆட்டுக்குச் சாயம் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் சரியாகும் என்றார்கள். கடைசித் தடை நீங்கியது 2012இல்.

23 மே

கெஸ்விக்கில் கடாச் சந்தை. இலையுதிர் காலத்தில் இரவல் வாங்கிய கடாக்களை வசந்தத்தில் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிற நாளாக இருந்தது, பிறகு அதுவும் கண்காட்சியாகிவிட்டது. நல்ல வெயில். வழியெல்லாம் கறுப்புக் குட்டிகள்.

கரிசல்காட்டான், எடை கேட்டிருந்தீர்கள், நான் மறந்தே போனேன். பெட்டை நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். தாழ்நில இனங்களின் பக்கத்தில் நிறுத்தினால் பாதி. எடைக்கு வளர்ப்பவன் இதை வளர்க்க மாட்டான். உரோமமும் முரடு, கத்தரிப்புக் கூலிக்கே காணாது. கறி மட்டும் நல்ல விலைக்குப் போகிறது. 2013இல் இடப்பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது.

இன்னொன்று. அம்மாவிடம் போனில் தாத்தாவின் காதுக்குறி பற்றிக் கேட்டிருந்தேன். ஏழு மாதமாக “யோசித்துச் சொல்கிறேன்” என்றவர், போன வாரம் யாரோ ஒரு பெரியப்பாவைக் கேட்டுச் சொன்னார்: இடது காதில் நுனி வெட்டு, வலது காதில் ஒரு கீறல். இன்று பெரியவரிடம் சொன்னேன். வண்டியிலிருந்து கையேட்டை எடுத்துவந்தார். ஓரம் கிழிந்து, பக்கமெல்லாம் காவி விரல் பதிந்த பழைய பதிப்பு. எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இந்தக் குறி ஏற்கெனவே ஒரு பண்ணைக்கு இருக்கிறது. உன் தாத்தாவின் ஆடு வழிதவறி இங்கே வந்தால் அவர்களுக்குத்தான் போகும். முன்பே சொல்லிவிடு.”